செங்கல் எறியும் எலியும் ஒரு பிறப்புச் சான்றிதழும்

ஒரு பூனை, ஒரு எலி, ஒரு நாய். எலி செங்கல்லை எடுத்துப் பூனையின் மண்டையில் எறியும். பூனையோ அதைக் காதல் பரிசாக நினைத்து உருகும். நாய்தான் ஊர் போலீஸ். அது எலியைப் பிடித்து ஜெயிலில் போடும். அவ்வளவுதான் கதை! ஜார்ஜ் ஹெரிமன் வரைந்த ‘கிரேசி கேட்’ 1913-ல் தனித் தொடராகி, 1944 வரை அமெரிக்கப் பத்திரிகைகளில் வந்தது. முப்பது வருஷமும் இதே செங்கல்தான்.

முதல் தடவை ஒரே மூச்சில் ஐம்பது அறுபது படித்தேன். சத்தியமா சிரிப்பு வரலை. பூனை சில நாள் ‘அவன்’, சில நாள் ‘அவள்’. பின்னணியில் இருக்கும் பாறை அடுத்த கட்டத்தில் மரமாகிவிடும். இதையா 1924-லேயே கில்பர்ட் செல்டஸ் என்ற விமர்சகர் பெரிய கலை என்று கொண்டாடினார்?

அந்தக் காலத் தொடர்களில் வேறொரு சங்கடமும் உண்டு. கறுப்பின மக்களைத் தடித்த உதடும் உருண்டைக் கண்ணுமாகக் கேலி செய்து வரைவது அப்போது சர்வசாதாரணம். 1905-ல் தொடங்கிய ‘லிட்டில் நெமோ’வின் ஓவியங்கள் அபாரமானவை. அதிலும் இது இருக்கிறது. 1902-ல் ஹெரிமனே ‘மியூசிக்கல் மோஸ்’ என்று ஒன்று வரைந்தார். அதில் ஒரு கறுப்பர் வேற்று இனத்தவராக வேஷம் போட்டு, மாட்டிக்கொண்டு அடி வாங்குவார். போதும்டா சாமி என்று மூடி வைத்துவிட்டேன்.

ஆனா நான் பொட்டி தட்டுறவன். பழைய கோடில் புரியாத வரி இருந்தால், அது ஏன் அங்கே இருக்கிறது என்று தெரியாமல் அழிக்கக்கூடாது என்பது தொழில் கற்றுக்கொடுத்த பாடம். ஆகவே ஹெரிமன் யார் என்று தேடினேன்.

1971-ல் ஆர்தர் ஆசா பெர்கர் என்ற ஆய்வாளர் ஹெரிமனின் பிறப்புச் சான்றிதழைக் கண்டெடுத்தார். 1880, நியூ ஆர்லியன்ஸ். அதில் இனம் என்ற இடத்தில் கறுப்பின வம்சாவளியைக் குறிக்கும் சொல் இருந்தது. இறப்புச் சான்றிதழிலோ வெள்ளையர்! 1890-ல் லூசியானாவில் ரயிலில் இனவாரியாகத் தனித்தனிப் பெட்டி என்று சட்டம் வந்தது. ஏறக்குறைய அந்தச் சமயத்தில்தான் குடும்பம் லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிபெயர்ந்தது. அதன்பின் வாழ்நாள் முழுக்க ஹெரிமன் வெள்ளையராகவே வாழ்ந்தார். உடன் வேலை பார்த்தவர்கள் ‘கிரேக்கன்’ என்று கூப்பிட்டார்கள்.

திரும்பப் போய்ப் படித்தேன். ஒரு கதையில் கறுப்புப் பூனை அழகு நிலையத்துக்குப் போய் வெள்ளை வெளேரென்று வெளியே வருகிறது. அது யார் என்று தெரியாமல் எலி சொக்கிப்போகிறது. தெரிந்ததும் மறுபடி செங்கல்தான். முதல் தடவை இதைச் சும்மா தாண்டிப் போயிருந்தேன். ‘மியூசிக்கல் மோஸ்’ வேஷம் கலைந்து அடி வாங்கியதும் இப்போது வேறு மாதிரி உறைத்தது. அது வெறும் கேலியா, வரைந்தவரின் சொந்த பயமா?

அந்த ஒரு சான்றிதழை வைத்து முப்பது வருஷ வேலைக்கும் அர்த்தம் சொல்லிவிட முடியாதுதான். பல நாள் செங்கல் வெறும் செங்கல்தான். அந்தக் கேலிப்படங்களுக்கும் நான் வக்காலத்து வாங்க மாட்டேன். வலியோடு வரைந்தார் என்று வைத்துக்கொண்டாலும், பார்த்துச் சிரித்தவர்களுக்கு அது தெரியாதே?

படிக்க நினைப்பவர்களுக்கு ஒன்று. என்னை மாதிரி மொத்தமா படிக்காதீங்க. 1916-ல் தொடங்கிய ஞாயிறு முழுப்பக்கங்களில் ஆரம்பித்து, ஒரு நாளைக்கு ஒன்று போதும். எனக்குப் பத்தாவது நாள்தான் முதல் சிரிப்பு வந்தது.