இடதும் வலதும்: இதயத்தின் இரண்டு கீழறைகள்

கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்து, 120/80 என்று டாக்டர் எழுதித் தருகிறாரே, அது இதயத்தின் பாதிக் கணக்குதான். இடது கீழறை பெருந்தமனிக்குள் தள்ளும் ரத்தத்தின் அழுத்தம் மட்டுமே அந்தப் பட்டைக்குப் பிடிபடும். வலது கீழறை ரத்தத்தை அனுப்பும் நுரையீரல் தமனியில் அழுத்தம் சுமார் 25/10. சராசரியில் பார்த்தால் ஆறில் ஒரு பங்கு.

ஆகவே வலது கீழறைக்கு உழைப்பு குறைவு என்று சொல்லலாம். இறைக்கும் ரத்தம் குறைவு என்று சொல்ல முடியாது. இரண்டும் ஒரே சுற்றில் ஒன்றையடுத்து ஒன்றாக மாட்டிய பம்புகள். ஓய்வில் துடிப்புக்குச் சுமார் 70 மில்லி, நிமிடத்துக்கு 5 லிட்டர். துடிப்புக்கு வெறும் 1 மில்லியை வலது கீழறை கூடுதலாக அனுப்பிக்கொண்டே இருந்தால்? நிமிடத்துக்கு 70 துடிப்பு என்று வைத்தாலும் ஒரு மணி நேரத்தில் 4 லிட்டருக்கு மேல் நுரையீரலில் தேங்க வேண்டும். உடம்பில் உள்ள மொத்த ரத்தமே 5 லிட்டர்தான். இந்தச் சமநிலையை மூளை கணக்குப் போட்டுக் காப்பதில்லை. அறைக்குள் ரத்தம் எவ்வளவு நிரம்பி அது விரிகிறதோ, அவ்வளவு வலுவாகத் தசையே சுருங்கிவிடுகிறது. ஃபிராங்க், ஸ்டார்லிங் இருவர் பெயரிலும் வழங்கும் விதி இது.

கறிக்கடையில் ஆட்டின் இதயத்தை வாங்கிக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். இடது அறை வட்டமாக, தடித்த சுவரோடு விறைத்து நிற்கும். வலது அறை பிறை வடிவில் அதன்மேல் சாய்ந்து ஒட்டியிருக்கும். விரலால் அழுத்தினால் மடங்கும். மனித இதயத்திலும் இதே அமைப்புதான். இடது சுவர் சுமார் 10 மில்லிமீட்டர், வலது சுவர் 3 முதல் 5. நுரையீரலில் காற்றுக்கும் ரத்தத்துக்கும் இடையே உள்ள சவ்வு 1 மைக்ரான்கூட இருக்காது. அங்கே 120 அழுத்தத்தில் ரத்தம் பாய்ந்தால் நீர் கசிந்து காற்றறைகள் நிரம்பிவிடும்.

கருவில் இந்த ஏற்றத்தாழ்வு கிடையாது. நுரையீரல் இன்னும் விரியாததால், வலது கீழறை தள்ளும் ரத்தத்தில் பெரும்பகுதி ஒரு குறுக்குக் குழாய் வழியே பெருந்தமனிக்கே போய்விடுகிறது. எதிர்கொள்ளும் அழுத்தம் ஒன்று என்பதால் சுவர்களும் ஏறக்குறைய ஒரே தடிமன். குழந்தை பிறந்து மூச்சு விட்ட பிறகுதான் வலது பக்கத்தின் சுமை இறங்குகிறது. இடது கீழறை வளராமல் பிறக்கும் குழந்தைகளுக்கு வலது கீழறையையே உடலுக்கு இறைக்கவைக்கும் அறுவைச் சிகிச்சைகள் உண்டு. அதற்கும் இந்தப் பழைய பலம்தான் கைகொடுக்கிறது.

இருந்தும் வலது கீழறைக்கு மருத்துவ உலகில் நீண்ட காலம் மதிப்பில்லை. 1943இல் ஐசக் ஸ்டாரும் கூட்டாளிகளும் நாய்களின் வலது கீழறை வெளிச்சுவரைச் சுட்டுச் செயலிழக்கச் செய்தபோது, சிரை அழுத்தம் பெரிதாக ஏறவில்லை. பிரான்ஸின் போர்தோ நகரைச் சேர்ந்த ஃபோந்தான், சிரை ரத்தத்தை அந்த அறைக்குள் விடாமல் நேராக நுரையீரலுக்குத் திருப்பிய அறுவையை 1971இல் வெளியிட்டார். அப்படியானால் அது வெறும் வழிப்பாதைதானா? அந்த முடிவு அவசரம் என்றே நினைக்கிறேன். இரண்டு அறைகளுக்கும் நடுச்சுவர் பொது. இடது கீழறை சுருங்கும்போது அந்தச் சுவரும் சேர்ந்து சுருங்கி, வலது அறையின் அழுத்தத்தில் ஒரு பங்கை எழுப்புகிறது. நாய்களுக்குக் கைகொடுத்ததில் இதற்குப் பெரிய பங்குண்டு. ஃபோந்தான் அறுவை செய்துகொண்டவர்களுக்கோ, ஆண்டுகள் செல்லச் செல்லக் கல்லீரலில் ரத்தத் தேக்கமும் கடும் உழைப்பில் இளைப்பும் வருகின்றன.

நோயிலும் இரண்டுக்கும் குணம் வேறு. மேலறைகளுக்கு நடுவே ஓட்டையோடு பிறந்தவர்களுக்கு வலது கீழறை கூடுதல் ரத்தத்தைப் பல ஆண்டுகள் முணுமுணுக்காமல் சுமக்கும். அதே அறை, நுரையீரல் தமனியைப் பெரிய ரத்தக்கட்டி திடீரென்று அடைத்தால் சில மணி நேரத்திலேயே தளர்ந்துபோகலாம். இடது கீழறை அழுத்தத்துக்குப் பழகியது. ஆண்டுக்கணக்கான உயர் ரத்த அழுத்தத்தையும் தடித்துச் சமாளிக்கும். ஆனால் சுருங்கும்போது தன் தசைக்குள் ஓடும் குழாய்களைத் தானே நெரித்துக்கொள்வதால், அது ரத்தம் பெறுவது பெரும்பாலும் விரியும் நேரத்தில்தான். துடிப்பு மிக வேகமானால் அந்த இடைவெளி சுருங்கிவிடும். இடது தளர்ந்தால் படுத்ததும் மூச்சு முட்டும். வலது தளர்ந்தால் கணுக்கால் வீங்கி, கழுத்துச் சிரை புடைக்கும். வலது கீழறை தளர்வதற்கு மிகப் பொதுவான காரணம் இடது கீழறை தளர்வதுதான்.

எக்கோ அறிக்கையில் இ.எஃப். 60 சதவீதம் என்று பார்த்ததும் நிம்மதி அடைகிறோம். அறையில் நிரம்பிய ரத்தத்தில் ஒரு துடிப்பில் வெளியேறும் பங்கான அது, பொதுவாக இடது கீழறையின் எண். ஈரத்துணியைப் பிழிவதுபோல் முறுக்கிச் சுருங்கும் அந்த அறைக்கு அந்த அளவு பொருந்தும். வலது அறை பெரும்பாலும் நீளவாக்கில் சுருங்குவது. அதன் மூவிதழ் வால்வின் வளையம் ஒவ்வொரு துடிப்பிலும் நுனியை நோக்கி எவ்வளவு இறங்குகிறது என்று தனியாக அளப்பார்கள். 17 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் டாக்டர் வலது பக்கத்தையும் கவனிக்கத் தொடங்குவார்.