அந்நிய முதலீடும் பசுமைப் புத்தாக்கமும்: சேர்வராயன் மலையின் காப்பியும் பாக்சைட்டும்

முன்னுரை

அந்நிய முதலீடு நகரங்களில் பசுமைப் புத்தாக்கத்தை வளர்க்கிறதா என்னும் வினாவுக்குப் பொருளியலார் இருவேறு விடைகளை முன்வைக்கின்றனர். சட்டம் தளர்ந்த இடத்தை மாசுமிகு தொழில் புகலிடமாகக் கொள்ளும் என்பது ஒன்று. வெளிநாட்டு நிறுவனம் தூய தொழில்நுட்பத்தையும் உடன்கொண்டு வரும் என்பது மற்றொன்று. சீன நகரங்களை முன்வைத்த ஆய்வுகள் பலவும் பசுமைக் காப்புரிமைகளின் எண்ணிக்கையையே அளவுகோலாகக் கொள்கின்றன. காப்புரிமை நகரத்தின் கணக்கில் ஏறும். அந்நகரத்து ஆலைக்குத் தாது தந்த மலையோ எந்தக் கணக்கிலும் வாராது. சேலம் மாவட்டத்துச் சேர்வராயன் மலையை அந்நிய முதலீடு இருமுறை தேடிவந்தது. அவ்விரண்டையும் ஒப்புநோக்கினால் இந்த அளவுகோலின் குறை புலப்படும்.

காப்பித் தோட்டங்கள்

1820-களில் சேலம் ஆட்சியராக இருந்த எம். டி. காக்பர்ன் ஏற்காட்டில் காப்பியை அறிமுகப்படுத்தினார். அடுத்த பதிற்றாண்டுகளில் ஆங்கிலேயர் தோட்டங்கள் பெருகின. காடு அழிந்தது, மலையாளிப் பழங்குடியினரின் வாழ்நிலம் சுருங்கியது. ஆகவே, தொடக்கத்தில் இம்முதலீட்டில் பசுமை ஏதுமில்லை.

மாற்றம் இழப்பின் வழியே வந்தது. தண்டுத்துளைப்பான் வெயில் நேரே படும் காப்பிச் செடிகளையே பெரிதும் நாடும். 1860-களில் குடகுத் தோட்டங்கள் அதனால் பேரிழப்புக்கு உள்ளாயின. 1869-இல் இலங்கையில் இலைத்துரு நோய் தோன்றியது. அங்குள்ள தோட்டக்காரர்கள் காலப்போக்கில் காப்பியைக் கைவிட்டுத் தேயிலைக்கு மாறினர். தென்னிந்தியாவிலோ காப்பியை மரநிழலில் வளர்க்கும் முறை வேரூன்றியது. ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட சில்வர் ஓக் மரம், அதில் படரும் மிளகுக்கொடி, அடியில் காப்பி என்னும் அடுக்குமுறையை வெள்ளக்கடை முதலான ஏற்காட்டுச் சிற்றூர்களின் தோட்டங்களில் இன்றும் காணலாம். இதற்கு எவரும் காப்புரிமை பெறவில்லை. காப்பிச் செடி காய்க்க மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். மண்ணில் இறங்கிய பணத்தை நினைத்தவுடன் பெயர்த்தெடுக்க இயலாது. தங்கியாக வேண்டிய முதலீடு தான் தங்கிய நிலத்தின் இயல்பைக் கற்றுக்கொண்டது என்றே இதைக் கொள்ளல் வேண்டும்.

மேட்டூர் அலுமினியம்

பாக்சைட்டின் நிலை வேறு. அது மலையுச்சியின் மேலோடாகப் படிந்த தாது. வெட்டியெடுத்தபின் மலைக்கு மீள்வதில்லை. இத்தாலியின் மாண்டிகாட்டினி நிறுவனத்தின் கூட்டுறவுடன் அமைந்த மெட்ராஸ் அலுமினியம் நிறுவனம் (மால்கோ) 1965-இல் மேட்டூரில் உற்பத்தியைத் தொடங்கியது. சேர்வராயன், கொல்லி மலைகளின் தாது அங்கே சென்றது. 1 டன் அலுமினியத்துக்கு ஏறத்தாழ 4 டன் பாக்சைட்டும் 14,000 யூனிட்டுக்கு மேற்பட்ட மின்சாரமும் தேவை. எனவே இத்தொழிலில் பசுமை என்பது மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதையே பெரிதும் சார்ந்தது. 1934-இல் கட்டிமுடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் அருகே ஆலை அமைந்ததும், அக்காலத் தமிழகத்தின் மின்சாரத்தில் நீர்மின்சாரம் பெரும்பங்கு வகித்ததும் இங்குக் கருதத்தக்கவை. இத்தாலியர் பசுமையை எண்ணி வந்தவரல்லர். மலிவான மின்சாரமே அவர்களுக்கு வேண்டியிருந்தது. எனினும், பயன் ஒன்றே.

1995-இல் ஆலை ஸ்டெர்லைட் குழுமத்தின் வசமாயிற்று. பின்னர் ஆலைக்கென நிலக்கரி மின்நிலையம் எழுந்தது. 2003-இல் அக்குழுமத்தின் தாய் நிறுவனமான வேதாந்தா இலண்டன் பங்குச்சந்தையில் இடம்பெற்றது. அந்நிய முதலீடு தூய தொழில்நுட்பத்தைக் கொணரும் என்னும் கோட்பாட்டின்படி ஆலையின் மின்சாரம் இக்காலத்தில் தூய்மையடைந்திருக்க வேண்டும். நிகழ்ந்ததோ நீரிலிருந்து நிலக்கரிக்கு மாறியமை. உரிமையாளரின் நாடு எதுவென்பதைக் காட்டிலும், மின்சாரத்தின் விலையும் அரசின் விதியுமே நுட்பத்தைத் தீர்மானித்தன எனலாம்.

மேட்டூரில் அலுமினிய உற்பத்தி 2008-இல் நின்றது. நிலக்கரி மின்நிலையம் அதன் பின்னரும் சில ஆண்டுகள் மின்சாரம் விற்றுவந்தது.