கடைசி செமஸ்டரா? அப்ரண்டிஸ், டிரெய்னி, கான்ட்ராக்ட்: கையெழுத்து போடும் முன் தெரிஞ்சுக்கோங்க!

சென்னை சென்ட்ரலில் இருந்து கும்மிடிப்பூண்டி போகும் புறநகர் ரயில் பாதையில் கல்லூரியும் ஆலையும் பக்கத்துப் பக்கத்து ஸ்டேஷன்களில்தான் இருக்கின்றன. பொன்னேரியில் உலகநாத நாராயணசாமி அரசு கல்லூரி, கவரைப்பேட்டையில் பொறியியல் கல்லூரி, அதைத் தாண்டினால் கும்மிடிப்பூண்டி சிப்காட். கொஞ்சம் தள்ளி தேர்வாய் கண்டிகை சிப்காட்டும் இருக்கிறது.

டிகிரி முடிந்ததும் இங்கே நிறைய பேருக்கு முதல் வேலை இந்த ஆலைகளில்தான். புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் வந்துகொண்டிருந்த மாதம் 1,000 ரூபாயும் படிப்போடு நின்றுவிடும். அதனால், கிடைத்த வேலையில் உடனே சேர்ந்துடலாம்னு தோணும். ஆனால் எந்தப் பெயரில் சேர்கிறோம் என்பது ரொம்ப முக்கியம். ஏன்? பார்க்கலாம்.

அப்ரண்டிஸ் என்றால் என்ன?

இது 1961-ம் ஆண்டு தொழில் பழகுநர் சட்டத்தின் கீழ் வரும் பயிற்சி. 2014 திருத்தத்துக்குப் பிறகு பொறியியல் மட்டுமல்ல, பி.ஏ., பி.எஸ்சி., பி.காம். படித்தவர்களும் பட்டதாரி அப்ரண்டிஸ் ஆகலாம்.

இதற்கான மத்திய அரசுத் திட்டத்தின் பெயர் 'நாட்ஸ்'. தென் மாநிலங்களுக்கான பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. 2019-ல் திருத்தப்பட்ட விதிகளில் உதவித்தொகை மாதம் குறைந்தது பட்டதாரிக்கு 9,000 ரூபாய், டிப்ளமோ முடித்தவருக்கு 8,000 ரூபாய் என்று இருந்தது. கம்பெனி குறைந்தபட்சத்தைவிட அதிகமாகவும் தரலாம். 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ் எடுக்க வேண்டும் என்பதும் அதே விதிதான்.

அப்ரண்டிஸ் தொழிலாளி கிடையாது, பயிற்சி பெறுபவர். அதனால் பி.எஃப்., இ.எஸ்.ஐ. இருக்காது. ஆனால் ஆலைப் பாதுகாப்பு விதிகள் உண்டு. பயிற்சியில் காயம் பட்டால் இழப்பீடு உண்டு. பயிற்சி ஆலோசகர் அனுமதி இல்லாமல் ஓவர்டைம் பார்க்கச் சொல்லவும் முடியாது.

முடிந்ததும் வேலை நிச்சயமா?

நிச்சயம் இல்லை. அப்ரண்டிஸ்களை வேலைக்கு எடுப்பது பற்றி ஒவ்வொரு நிறுவனமும் தனிக் கொள்கை வைத்திருக்க வேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது. எனவே சேரும்போதே "முடிச்சவங்கள்ல எத்தனை பேரை எடுத்தீங்க?" என்று கேட்டுடுங்க. ஆனால் பயிற்சி முடித்ததற்கு வாரியம் தரும் சான்றிதழை வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பணி அனுபவமாகப் பதிவு செய்யலாம்.

டிரெய்னி?

இங்கேதான் குழப்பம். 'டிரெய்னி' என்பது பெரும்பாலும் கம்பெனியே வைக்கும் பெயர். சில இடங்களில் டிரெய்னி கம்பெனி ஊழியராகவே இருப்பார், பி.எஃப். பிடிப்பார்கள். சில இடங்களில் எதுவுமே இருக்காது. பெயரை நம்பாதீங்க, பணி நியமனக் கடிதத்தைப் படிங்க.

கான்ட்ராக்ட்?

வேலை செய்வது ஆலையில், சம்பளம் தருவது ஒப்பந்ததாரர். இதில் நீங்கள் தொழிலாளிதான். குறைந்தபட்ச ஊதியம், பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் கேட்கும் உரிமை உண்டு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை இருந்தால் இ.எஸ்.ஐ. பொருந்தும். உங்கள் பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். ஒப்பந்ததாரர் சம்பளம் தராமல் போனால், அதைத் தரும் பொறுப்பு ஆலை நிர்வாகத்துக்கு வரும்.

எதில் முதலில் சேர்வது?

பலருக்கும் தெரியாத விஷயம் இது. பட்டம் பெற்ற பிறகு ஒரு வருடமோ அதற்கு மேலோ வேலை அனுபவம் இருந்தால், நாட்ஸ் பயிற்சியில் சேர முடியாது. அதாவது அப்ரண்டிஸ் முடித்துவிட்டு கான்ட்ராக்ட் வேலைக்குப் போகலாம். ஆனால் ஒரு வருடம் கான்ட்ராக்டில் இருந்துவிட்டு அப்ரண்டிஸ் ஆக நினைத்தால் கதவு மூடியிருக்கும். பொதுத்துறை நிறுவனங்களின் அப்ரண்டிஸ் அறிவிப்புகளிலும் இந்த நிபந்தனை இருக்கும்.

வீட்டு நிலைமை காரணமாக உடனே சம்பளம் வேண்டும் என்றால் கான்ட்ராக்டில் சேர்வதில் தப்பில்லை. தெரிந்தே முடிவு எடுங்க, அவ்வளவுதான்.

இப்போதே செய்ய வேண்டியவை

* அரியர் இருந்தால் முதலில் அதை முடியுங்கள். தேர்ச்சி பெறாமல் பட்டதாரி அப்ரண்டிஸ் ஆக முடியாது.
* பட்டச் சான்றிதழ் பட்டமளிப்பு விழாவுக்குப் பிறகுதான் வரும். அதுவரை தற்காலிகச் சான்றிதழும் மதிப்பெண் பட்டியலும்தான் கைகொடுக்கும். கல்லூரி அலுவலகத்தில் விண்ணப்பித்து வாங்கிடுங்க.
* ஆதார், வங்கிக் கணக்கு, மதிப்பெண் பட்டியல் மூன்றிலும் பெயர், இனிஷியல் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்.
* அப்ரண்டிஸ் என்று சொன்னால், ஒப்பந்தம் அரசு போர்ட்டலில் பதிவாகியிருக்கா என்று கேளுங்கள். பதிவு இல்லையென்றால் அந்தச் சான்றிதழும் வராது.
* கான்ட்ராக்ட் என்றால் ஒப்பந்ததாரர் பெயர், சம்பளச் சீட்டு, பி.எஃப்.-க்கான யு.ஏ.என். எண் மூன்றையும் வாங்குங்கள். பணம் கட்டுகிறார்களா என்று உமங் செயலியில் நீங்களே பார்க்கலாம்.
* ஒரிஜினல் சான்றிதழ்களைக் காட்டலாம், கொடுத்துவிட்டு வரக்கூடாது. வேலைக்குப் பணம் கேட்டால் அங்கேயே விலகிடுங்க.

வேலையில் சேரும் நாளில் நீட்டப்படும் தாளில் இந்த மூன்றில் எந்த வார்த்தை இருக்கிறது என்று முதலில் பாருங்கள். உங்களுக்கு என்னென்ன உரிமை என்பதை அந்த வார்த்தைதான் முடிவு செய்யும். ஒரு நகல் வாங்கி வைத்துக்கொள்ளவும் மறக்காதீங்க.