புகையில் வாட்டிய அஸ்பராகஸ்: ஒட்டிய மதில்களுக்கு நடுவே எப்படிச் சமைப்பது?

அஸ்பராகஸ் தண்டைப் புகையில் வாட்டிச் சாப்பிடுவது மேற்கு நாடுகளில் வசந்தகாலத்திலும் கோடையிலும் பரவலான வழக்கம். கொழும்பிலும் மூடியுள்ள கரியடுப்பை முற்றத்திலோ மொட்டை மாடியிலோ வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் களுபோவில, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை போன்ற இடங்களில் ஒரு வீட்டு மதிலும் அடுத்த வீட்டு மதிலும் ஒன்றுதான். இந்த முற்றத்துப் புகை அடுத்த வீட்டுக் குழந்தையின் அறைக்குப் போக நிமிடங்கள் தேவையில்லை. எனவே இங்கே இரண்டு கேள்விகள் எழுகின்றன. மரக்கறிக்கு எவ்வளவு புகை வேண்டும்? மனிதர் எவ்வளவு தாங்குவார்? இரண்டுக்கும் விடை ஒன்றுதான்: குறைந்த புகை, சுத்தமாக எரியும் புகை.

அந்நியம் இல்லாத குடும்பம்

கடைகளில் அஸ்பராகஸ் என்று விற்பது ‘அஸ்பராகஸ் ஒஃபிசினாலிஸ்’ என்ற செடியின் இளந்தண்டு. இதே இனத்தைச் சேர்ந்த இன்னொரு கொடி நமக்கு நன்கு பழக்கம். தமிழில் சாத்தாவாரி, தண்ணீர்விட்டான் கிழங்கு என்றும், சிங்களத்தில் ஹாத்தாவாரிய என்றும் சொல்லப்படுவது அதுதான். காலையில் விற்கும் இலைக்கஞ்சியில், அதாவது ‘கொல கெந்த’வில், இதன் இலை சேரும். ஊசிபோல் மெலிந்த அந்தப் பச்சை உண்மையில் இலையே அல்ல, உருமாறிய தண்டு. அதன் கிழங்கு சித்த, ஆயுர்வேத மருத்துவத்தில் பயன்படுகிறது. உறவு இருந்தாலும் ஒன்றுக்கு மற்றதை மாற்றிச் சமைக்க முடியாது. புகையில் வாட்டுவதற்கு ஏற்றது தடித்த, சதைப்பற்றுள்ள அஸ்பராகஸ் தண்டு மட்டுமே.

புகையும் நமக்குப் புதிதல்ல. சம்பலில் இடித்துப் போடும் மாசி, அவித்துப் புகையூட்டி வெயிலில் காயவைத்த மீன்தான். கிராமத்து வீடுகளில் அடுப்புக்கு மேலே கட்டிய பரணில் கொறுக்காப்புளியும் விதைகளும் புகையில் இருந்தன. அங்கெல்லாம் புகையின் வேலை உணவைக் கெடாமல் வைப்பது. அதற்கு நாட்கணக்கு தேவை. அஸ்பராகஸுக்குப் புகை வாசனைக்கு மட்டுமே. அதற்குச் சில நிமிடங்கள் போதும்.

ஏன் குறைந்த புகை?

அஸ்பராகஸில் ஏறக்குறைய 93 வீதம் நீர். இறைச்சியைப்போல் புகையின் கசப்பைத் தணிக்க அதில் கொழுப்பு இல்லை. கூடுதலாகப் புகை பிடித்தால் தண்டு சாம்பல் வாசனை அடித்து, நாக்கில் கசப்பு தங்கிவிடும்.

வெப்பத்தையும் கவனிக்க வேண்டும். 1806 இல் பிரெஞ்சு வேதியியலாளர்கள் வொக்லெனும் ரொபிகேயும் அஸ்பராகஸ் சாற்றிலிருந்து அஸ்பரஜின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். முதன்முதலில் பிரித்தெடுக்கப்பட்ட அமினோ அமிலம் அது. 120 பாகை செல்சியஸுக்கு மேலான சூட்டில் இந்த அஸ்பரஜின் சர்க்கரைகளுடன் வினைபுரியும்போது அக்ரிலமைட் உருவாகக்கூடும். புற்றுநோயை ஏற்படுத்தலாம் எனச் சந்தேகிக்கப்படும் இந்தப் பொருள் சமைத்த உணவில் இருப்பதை 2002 இல் சுவீடன் ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினார்கள். பயந்து ஒதுக்க வேண்டியதில்லை. கருகவிடாமல் இருந்தால் போதும்.

கரியும் விறகும்

சூட்டுக்குச் சிரட்டைக் கரி நல்லது. ஆனால் கரியாக்காத சிரட்டையையோ தென்னம் மட்டையையோ நேராகப் போட்டால் பிசின் கலந்த கரும்புகை வரும். கரியைப் பற்றவைத்து, அதன்மேல் சாம்பல் நிறம் படியும்வரை மூடியைத் திறந்தே வைக்க வேண்டும். மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைத்தால் அந்த வாடை தண்டில் ஏறும். காகிதமும் காய்ந்த பாளைத் துண்டும் போதும்.

வாசனைக்கு நன்கு காய்ந்த கொய்யா விறகில் விரல் அளவு துண்டு இரண்டு வேண்டும். பட்டை உரித்த கறுவாக் கம்பும் ஏற்றது. தவிர்க்க வேண்டியவை: வர்ணம் பூசிய பலகை, பிளைவுட், மருந்தேற்றிய மரம், எந்த மரம் என்று தெரியாத பொதிப் பலகை. நாகம் பூசிய தகர வாளியை அடுப்பாக்கவும் கூடாது. சூடேறினால் அந்தப் பூச்சிலிருந்து நச்சு ஆவி வரலாம்.

செய்முறை

நான்கு பேருக்கு 500 கிராம் அஸ்பராகஸ். சுண்டுவிரல் தடிப்புக்குக் குறையாத தண்டாகப் பார்த்து வாங்க வேண்டும். மெல்லிய தண்டு புகையில் வதங்கி நாராகிவிடும். அடிப்பக்கத்தை வளைத்தால் முற்றிய பகுதி தானே ஒடியும்.

கழுவி, நீர் சொட்டாதபடி உதற வேண்டும். முற்றாக உலர்த்தத் தேவையில்லை. குளிர்ந்த, இலேசான ஈரமுள்ள மேற்பரப்பில்தான் புகை நன்றாகப் படியும். ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய், அரைத் தேக்கரண்டி உப்பு, கொஞ்சம் மிளகுத்தூள் சேர்த்துப் பிரட்ட வேண்டும்.

அடுப்பில் கரியை ஒரு பக்கமாக ஒதுக்கி, மறுபக்கத்துக் கம்பி வலையில் தண்டுகளை ஒற்றை வரிசையாக அடுக்க வேண்டும். விறகுத் துண்டைக் கரிமேல் வைத்து, முதலில் எழும் வெண்புகை அடங்கி, மெல்லிய நீலப்புகை வந்த பிறகே மூட வேண்டும். மூடியின் காற்றுத்துளை திறந்தே இருக்கட்டும். உள்ளே 110 பாகை செல்சியஸ் அளவில் இருந்தால் 40 முதல் 60 நிமிடம் பிடிக்கும். சிறிய அடுப்பில் சூடு 150 பாகைக்கு ஏறுவது சாதாரணம். அப்போது 15 நிமிடத்திலேயே பார்க்க வேண்டும். தண்டின் நடுவில் கத்தி முனை எளிதாக இறங்க வேண்டும். கையில் எடுத்தால் முழுதாகத் தொய்யாமல் சற்றே வளைய வேண்டும். விறகை இரண்டாம் தடவை போடத் தேவையில்லை.

இறக்கியவுடன் தேசிக்காய்ப் புளி விட்டு, தேங்காய்ச் சம்பலுடன் சூடாகப் பரிமாறலாம். முதல்முறை சாப்பிடுபவர்களுக்கு ஒரு குறிப்பு: பிறகு சிறுநீரில் வித்தியாசமான வாடை வரலாம். அது அஸ்பராகஸில் உள்ள கந்தகச் சேர்மங்களால் வருவது. நோய் அல்ல.

சந்தையில் கிடைப்பதை வைத்து

நுகேகொடை, தெல்கந்தை சந்தைகளில் அன்றாடம் வாங்கும் மரக்கறி அல்ல அஸ்பராகஸ். கிடைத்தாலும் எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. இதே முறை பயிற்றங்காய், சிறகவரை, வெண்டைக்காய்க்கும் பொருந்தும். பயிற்றங்காயையும் சிறகவரையையும் கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டெடுத்த பின் வாட்ட வேண்டும். கத்தரிக்காய்க்கு மட்டும் விதி வேறு. அதன் தோல் கருகலாம், சம்பலுக்கு உரித்துத்தானே எடுக்கிறோம்.

வெளியே என்றால் வெளியேதான்

2022 இல் சமையல் எரிவாயு கிடைக்காத மாதங்களில் கொழும்பின் தொடர்மாடி பால்கனிகளில்கூட விறகடுப்பு மூண்டது. அன்று வேறு வழி இருக்கவில்லை. வீட்டுக்குள் எழும் சமையல் புகையால் 2020 இல் உலகில் ஏறக்குறைய 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. விருப்பத்துக்குச் சமைக்கும்போது அந்த ஆபத்தை வீட்டுக்குள் கொண்டுவரத் தேவையில்லை.

எரியும் கரியிலிருந்து வரும் காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. புகை தெரியாவிட்டாலும் அது இருக்கும். அதனால் அடைத்த பால்கனி, வாகனத் தரிப்பிடம், மாடிப்படி எதிலும் கரியடுப்பு வைக்கக் கூடாது. மழை வந்தாலும் அடுப்பை உள்ளே எடுக்கக் கூடாது. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து, அடுத்த வீட்டு யன்னலுக்கு எதிர்ப்பக்கம் வைப்பது நல்லது. அந்த வீட்டில் ஆஸ்துமா உள்ளவரோ கைக்குழந்தையோ இருந்தால் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். சமையல் முடிந்ததும் கரியை மண் போட்டு மூடி, மறுநாள் ஆறியதை உறுதிசெய்த பிறகே குப்பையில் சேர்க்க வேண்டும்.