பாடநூல் விலங்கும் மண்ணின் விலங்கும்: இந்தியப் பல்கலைக்கழகங்களில் ஒப்பீட்டு விலங்கியல்

முன்னுரை

விலங்கின் உறுப்பு எவ்வாறு அமைந்துள்ளது என்பதை ஆராய்வது உடற்கூற்றியல்; அது எவ்வாறு செயற்படுகிறது என்பதை ஆராய்வது உடலியங்கியல். பல விலங்குகளை ஒருங்கே வைத்து இவ்விரு நோக்கிலும் காணும்போது ஒப்பீட்டாய்வு தோன்றுகிறது. ஒப்பீட்டிற்குக் குறைந்தது இரண்டு பொருள்கள் வேண்டும். இந்தியாவில் விலங்கியற் கல்வி வேரூன்றிய காலத்தில் பாடநூல்களில் விரிவாக விளக்கப்பட்டவை பெரும்பாலும் ஐரோப்பிய விலங்குகளே. அவற்றோடு ஒப்பிடத்தக்க இந்திய விலங்குகள் பாடத்துள் இடம்பெற்ற வரலாற்றை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

வகைமாதிரிக் கல்வி

பெரும்பிரிவு ஒவ்வொன்றுக்கும் ஒரு விலங்கைத் தேர்ந்து, அதனை மாணவர் தம் கையால் அறுத்துக் கற்கும் முறையை ஹக்ஸ்லியும் மார்ட்டினும் 1875இல் வெளியிட்ட செய்முறை நூல் பரவச் செய்தது. இம்முறை இந்தியாவுக்கும் வந்தது. இங்கு மாணவர் முன் இருந்ததோ இந்நாட்டு விலங்கு. நூலில் இருந்ததோ அயல்நாட்டு விலங்கு. இரண்டும் பொருந்தாதவிடத்து நூலே அளவுகோலாயிற்று. தமிழை இலத்தீன் இலக்கணச் சட்டகத்தில் பொருத்திக் காட்டிய தொடக்ககால ஐரோப்பியரின் முயற்சிகளை அறிந்தோர்க்கு இச்சிக்கல் புதியதன்று.

மண்புழு காட்டிய வேறுபாடு

ஐரோப்பிய மண்புழுவாகிய லும்பிரிக்கசில், முதல் மூன்று கண்டங்களும் இறுதிக் கண்டமும் நீங்கலாக, கண்டத்திற்கு ஓர் இணையாக நெஃப்ரீடியங்கள் எனப்படும் கழிவு நீக்க நுண்குழல்கள் உள்ளன. அவை உடலின் வெளிப்புறத்தே திறக்கின்றன. இந்திய மண்புழுவாகிய ஃபெரிடிமாவில் அமைப்பு வேறு என்பதை கே. என். பஹல் 1919இல் வெளியிட்ட கட்டுரையில் நிறுவினார். அதில் தொண்டைப்பகுதி, இடைச்சுவர், தோல் என மூவிடங்களில் நெஃப்ரீடியங்கள் அமைந்துள்ளன. பதினைந்தாம் கண்டத்திற்குப் பின்னர், ஓர் இடைச்சுவரில் மட்டும் 80 முதல் 100 வரை காணப்படுகின்றன. தோலில் கண்டத்திற்கு 200 முதல் 250 வரை உள்ளன. கிளைடெல்லம் எனும் வளையப் பகுதியில் அவை இரண்டாயிரத்தையும் கடந்து செறிந்திருத்தலின், அப்பகுதி ‘நெஃப்ரீடியக் காடு’ என்றே வழங்கப்பெறுகிறது.

எண்ணிக்கையினும் முதன்மையானது திறக்கும் இடம். தொண்டைப்பகுதி, இடைச்சுவர் நெஃப்ரீடியங்கள் உடலுக்கு வெளியே திறவாமல் உணவுப்பாதைக்குள் திறக்கின்றன. கழிவு நீர் மீண்டும் குடலுக்குள் செல்வது எதற்காக? இவ்வினா எழுந்தவுடன் உடற்கூற்றியல் உடலியங்கியலாக விரிகிறது. குடலில் அந்நீர் மீளவும் உறிஞ்சப்படுகிறது என்பதும், வறண்ட நிலத்தில் வாழும் புழுவிற்கு நீரைக் காத்துக்கொள்ள இவ்வமைப்பு உதவுகிறது என்பதும் பஹல் தந்த விளக்கம். 1945இல் அவர் வெளியிட்ட ஆய்வு, கழிவு நீக்கத்தின் உடலியங்கியலையே நேரடிப் பொருளாகக் கொண்டது. அமைப்பில் தொடங்கிய நோக்கு செயலில் நிறைவுற இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாயின.

தனிநூல் வரிசையும் தமிழர் பங்களிப்பும்

இலக்னோ பல்கலைக்கழகப் பேராசிரியராக விளங்கிய பஹல், இந்திய விலங்குகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு நூல் என்னும் வரிசையைத் தொகுத்தார். முதல் நூலாகிய ‘ஃபெரிடிமா’ 1926இல் அவராலேயே எழுதப்பெற்றது. இரண்டாவது நூலாகிய ‘ஸ்கோலியோடான்’ 1928இல் வந்தது. இந்தியக் கடற்சுறாவைப் பற்றிய இந்நூலை இயற்றியவர், இலக்னோ இசபெல்லா தோபர்ன் கல்லூரியில் பணியாற்றிய இலங்கைத் தமிழ்ப் பெண்மணி எவாஞ்சலின் முத்தம்மா தில்லையம்பலம். இவர் பின்னாளில் யாழ்ப்பாணம் சுண்டிக்குளி மகளிர் கல்லூரியின் அதிபராகவும் விளங்கினார். சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆர். கோபால ஐயர் கடல் முள்ளெலி பற்றி எழுதிய ‘சால்மாசிஸ்’ 1938இல் இவ்வரிசையில் சேர்ந்தது.

சுறாவிலும் மண்புழுவின் கதையே தொடர்ந்தது. ஐரோப்பியப் பாடநூல்களின் சிறுசுறா, தோற்பை போன்ற உறைக்குள் முட்டையிடுவது. ஸ்கோலியோடானோ நஞ்சுக்கொடி போன்ற இணைப்பின்வழிக் கருவை வளர்த்துக் குட்டி ஈனுவது. ஒன்றை மட்டும் கற்ற மாணவர் சுறாவினம் முழுவதும் முட்டையிடும் எனக் கருதக்கூடும். இரண்டையும் கற்றவரே, ஒரே தேவையை உயிரினங்கள் வெவ்வேறு வழிகளில் நிறைவுசெய்வதை உணர்வர்.

முடிவுரை

அன்று ஃபெரிடிமா எனப்பட்ட இனங்கள் பலவும் இன்று மெட்டாஃபயர் முதலிய வேறு பேரினங்களில் வைக்கப்பட்டுள்ளன. பல்கலைக்கழக மானியக் குழு 2011இலும் 2014இலும் வெளியிட்ட நெறிமுறைகள், விலங்குகளை அறுத்துக் கற்கும் வழக்கத்தைக் கைவிடுமாறு பணித்தன. உயிர்களின்மீது கொண்ட அருளால் இம்மாற்றம் வரவேற்கத்தக்கதே. ஆயினும், கையால் அறிந்த வேறுபாட்டை இனி நூலால் மட்டுமே அறிய வேண்டியிருத்தலின், இத்தனிநூல்கள் முன்னினும் இன்றியமையாதவை ஆகின்றன. அவற்றுள் ஒன்றேனும் தமிழில் வருமாயின், காலடி மண்ணிலுள்ள உயிரைத் தம் மொழியிலேயே கற்கும் வாய்ப்பு மாணவர்க்குக் கிட்டும். நூலுக்குப் பொருந்தாத உயிரைப் பிழையெனத் தள்ளாமல், நூலையே திருத்திய அம்மரபு அறிவியலுக்கு மட்டுமன்றி மொழியாய்வுக்கும் உரியது.