ஜொகூரில் எழாத சர்வகலாசாலை

ஜொகூர்ப் பாலத்தின்மீது காலையிலும் மாலையிலும் செல்லும் கூட்டத்தைக் காணாதார் நம்மில் இலர். 1924ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அப்பாலம் அரிசியையும் ரப்பரையும் தண்ணீரையும், பிழைப்பை நாடிச் செல்லும் எண்ணற்ற மக்களையும் தாங்கி வந்திருக்கின்றது. ஆயினும், அப்பாலத்தின் வழியே ஒரு சர்வகலாசாலையே சிங்கப்பூரிலிருந்து ஜொகூர் பாருவுக்கு வந்து குடியேற வேண்டுமென்று ஒரு காலத்தில் சிபார்சு செய்யப்பட்டிருந்தது என்பதை அறிந்தோர் நம்மவரில் மிகச் சிலரே. அதைச் சொன்னவர் யார், எக்கருத்தால் சொன்னார், அது ஏன் நிறைவேறாது போயிற்று, அதனால் தமிழர்க்கு நேர்ந்தது நட்டமா அன்றா என்பவற்றை இங்கு ஆராயப் புகுகின்றோம்.

சொன்னவர் ஸர் அலெக்ஸாண்டர் கார்-சாண்டர்ஸ் என்னும் ஆங்கில அறிஞர். 1886ஆம் ஆண்டில் பிறந்தவர். ஆக்ஸ்போர்டில் விலங்கியல் பயின்று, பின்னர் மக்கட்டொகை பற்றிய ஆராய்ச்சியில் புகுந்து, அத்துறையில் பெரும் பெயர் பெற்றார். 1937 முதல் 1957 வரை லண்டன் பொருளாதாரக் கலாசாலையின் தலைவராக அமர்ந்திருந்தார். பூச்சி புழுக்களை ஒப்பிட்டுப் பழகிய கண் போலும். நாடுகளின் கலாசாலைகளையும் அவர் அவ்வாறே ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தார். 1943இல் அமைக்கப்பட்டு 1945இல் அறிக்கை வெளியிட்ட ஆஸ்க்வித் கமிஷனில் அவரும் ஓர் அங்கத்தினர். ஆங்கிலேயர் ஆண்ட குடியேற்ற நாடுகளில் உயர்தரக் கல்வியை எவ்வாறு நிறுவுவது என்பதே அக்கமிஷன் எடுத்துக்கொண்ட கேள்வி.

அக்கேள்விக்கு விடை காண முயன்றோர்க்கு ஓர் எச்சரிக்கையாக நின்றது இந்தியா. 1857ஆம் ஆண்டில் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் சர்வகலாசாலைகள் ஏற்பட்டன. அவை அக்காலத்து லண்டன் சர்வகலாசாலையை மாதிரியாகக் கொண்டவை. அதாவது, பாடஞ் சொல்லும் இடங்களல்ல, பரீட்சை நடத்தும் இடங்கள். ஊருக்கு ஊர் இருந்த கல்லூரிகள் பாடஞ் சொல்லின. சர்வகலாசாலையோ கேள்வித்தாளையும் பட்டத்தையும் மட்டும் வழங்கிற்று. ஆசிரியன் ஒருபுறம், பரீட்சகன் மற்றொருபுறம். மாணவன் நடுவே நின்று உருப்போட்டான். குமாஸ்தா வேலைக்கு ஆட்கள் ஏராளமாகக் கிடைத்தனர் என்பதை மறுப்பார் இல்லை. இக்குறையை 1917 முதல் 1919 வரை ஆராய்ந்த ஸாட்லர் கமிஷன், ஆசிரியரும் மாணவரும் ஓரிடத்தில் உடன் உறைந்து கற்கும் சர்வகலாசாலைகளே வேண்டுமென்று கூறிற்று. டாக்காவில் 1921இல் அவ்வகையில் ஒன்று தோன்றியது. 1929இல் சிதம்பரத்தில் ராஜா அண்ணாமலைச் செட்டியார் இருபது லட்சம் ரூபாய் அளித்து நிறுவிய அண்ணாமலை சர்வகலாசாலையும் அத்தகையதே. நாட்டுக்கோட்டையார் செல்வத்தில் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் எவ்வளவு பங்குண்டு என்பதை நாம் சொல்ல வேண்டுவதில்லை. நம் வியர்வை கடல் கடந்து சென்று சிதம்பரத்தில் கலாசாலையாக முளைத்தது என்றாலும் பெரிய பிழையாகாது.

நிற்க. ஆஸ்க்வித் கமிஷன் கண்ட வழி ஏணிப்படி போன்றது. குடியேற்ற நாட்டில் முதலில் ‘சர்வகலாசாலைக் கல்லூரி’ ஒன்று அமைக்க வேண்டும். அது லண்டனோடு தனி உறவு பூண்டு, அதன் மேற்பார்வையில் லண்டன் பட்டத்திற்கு மாணவரைத் தயார் செய்ய வேண்டும். தரம் நிலைபெற்ற பின்னரே தன் காலில் நிற்கலாம். இவ்வழியில்தான் நைஜீரியாவின் இபாடானிலும், அந்நாளில் தங்கக்கரை எனப்பட்ட கானாவிலும், மேற்கிந்தியத் தீவுகளுக்குரியதாக ஜமெய்க்காவிலும் 1948ஆம் ஆண்டில் கல்லூரிகள் எழுந்தன. கானா 1961இலும் மற்றவை 1962இலுமே முழு உரிமை பெற்றன. அண்டையிலுள்ள இலங்கையும், இந்தக் கமிஷனுக்கு முன்னரே, 1921 முதல் 1942 வரை லண்டன் பரீட்சையை எழுதிக் கொண்டிருந்தது.

கார்-சாண்டர்ஸ் இவ்விதியை வகுத்தோரில் ஒருவர். ஆனால் 1947இல் மலாயாவின் உயர்தரக் கல்வியை ஆராயும் கமிஷனின் தலைவராக இங்கு வந்தபோது, தாமும் சேர்ந்து வகுத்த விதியைத் தாமே தளர்த்தினார். இதுதான் அவரிடம் நாம் வியக்கும் குணம். சட்டத்தைக் கண்டால் அதை எல்லா நாட்டுக்கும் ஒரே அளவாகத் தைத்து மாட்டும் அதிகாரிகளை நாம் நிறையக் கண்டிருக்கின்றோம். ஒப்பிட்டுப் பார்ப்பவனோ ஒற்றுமையைப் போல வேற்றுமையையும் காண்பான்.

மலாயாவின் வேற்றுமை யாது? இங்கு வெறும் நிலத்தில் தொடங்க வேண்டிய நிலை இல்லை. சிங்கப்பூரில் 1905ஆம் ஆண்டிலேயே ஒரு வைத்தியக் கலாசாலை ஏற்பட்டிருந்தது. அரசாங்கம் அதனைத் தானாக முன்வந்து ஏற்படுத்தவில்லை; தான் ஜியாக் கிம் என்னும் சீனப் பெருவணிகர் முன்னின்று 87,077 வெள்ளி திரட்டிக் கொடுத்த பின்னரே அது தோன்றிற்று. அதன் பட்டயத்தை 1916இல் ஆங்கில நாட்டு வைத்திய மன்றமே ஏற்றுக்கொண்டது. ஏழாம் எட்வர்டு வைத்தியக் கல்லூரி எனப் பின்னர் பெயர் பெற்றது அதுவே. இலக்கியமும் விஞ்ஞானமும் கற்பிக்க ராபிள்ஸ் கல்லூரி 1928இல் வகுப்புகளைத் தொடங்கியது. இவ்விரண்டையும் இணைப்பது பற்றி 1939இல் மக்லீன் கமிஷன் ஆராய்ந்து, சர்வகலாசாலைக்கு இன்னும் காலம் வரவில்லை, சர்வகலாசாலைக் கல்லூரி போதும் என்றது. கார்-சாண்டர்ஸ் கமிஷன் 1948இல் வெளியிட்ட அறிக்கையில், இடைப்படி வேண்டாம், உடனே முழுச் சர்வகலாசாலையே அமைக்கலாம் என்று துணிந்து கூறிற்று. அதன்படி 1949ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 8ஆம் நாள் மலாயா சர்வகலாசாலை பிறந்தது.

இடத்தைப் பற்றியும் அக்கமிஷனுக்குத் தெளிவான கருத்து இருந்தது. ஆசிரியரும் மாணவரும் உடனுறைய வேண்டும், ஆராய்ச்சி நடக்க வேண்டும், பல இனத்து இளைஞர் ஒரே கூரையின்கீழ் பழக வேண்டும் என்றால் பரந்த நிலம் வேண்டும். புக்கித் தீமாவில் ராபிள்ஸ் கல்லூரி இருந்த இடம் அதற்குப் போதாது. அரசியலோ வேறு சிக்கலை உண்டாக்கியிருந்தது. 1946இல் சிங்கப்பூர் தனிக் குடியேற்ற நாடாகப் பிரிக்கப்பட்டது. 1948இல் மலாயாக் கூட்டாட்சி அமைந்தது. இரு அரசுகளுக்கும் பொதுவான கலாசாலை எங்கே இருப்பது? படத்தை விரித்துப் பார்த்தால் விடை தானே கிடைக்கும். கூட்டாட்சியின் மண்ணில் இருந்தும் சிங்கப்பூரின் வாசலிலேயே நிற்கும் ஊர் ஜொகூர் பாரு. சர்வகலாசாலையின் நிலையான இருப்பிடம் அங்கேதான் அமைய வேண்டுமென்று கமிஷன் சிபார்சு செய்தது.

அது நடைபெறவில்லை. 1950களின் முற்பாதியிலேயே ஜொகூர்த் திட்டம் கைவிடப்பட்டது. பெருஞ்செலவே முதற்காரணமாகக் கூறப்பட்டது. பின்னர் கோலாலம்பூரில் பந்தாய்ப் பள்ளத்தாக்கு தேர்ந்தெடுக்கப்பட்டது. 1959இல் சிங்கப்பூர், கோலாலம்பூர் என இரு பிரிவுகள் ஏற்பட்டன. 1962ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவை இரண்டு சர்வகலாசாலைகளாகவே பிரிந்தன. இரண்டு அரசுகளையும் இணைக்கும் முடிச்சாக இருந்திருக்க வேண்டிய ஜொகூர் இரண்டிலும் இடம் பெறவில்லை.

இதனால் நமக்கு வந்த நட்டம் எவ்வளவு? ஜொகூர்த் தமிழர் என்ற முறையில் ஆத்திரப்படுவது எளிது. கணக்குப் பார்ப்பது கடினம். குளுவாங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அந்நாளில் வளர்ந்த ஒரு சிறுவனை எண்ணிப் பாருங்கள். பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்பது 1923ஆம் ஆண்டுத் தொழிற்சட்டம் மலாய்க் கூட்டரசு நாடுகளில் புகுத்திய விதி. வைத்தார்கள், ஆயாக்கொட்டகைக்கு அடுத்தாற்போல் ஒரு கொட்டகை. அதில் அவன் தமிழில் ஐந்தாம் வகுப்போ ஆறாம் வகுப்போ படிப்பான். அதற்கு மேல்? சர்வகலாசாலையின் மொழி ஆங்கிலம்; அதற்கு வழிகாட்டும் உயர்தரப் பள்ளிகள் பட்டணத்தில்; அங்குச் சம்பளம் கட்ட வேண்டும், உணவும் உறையுளும் வேண்டும். விடியற்காலைப் பெரட்டில் நின்று பால்மரம் வெட்டப் போகும் தகப்பனால் இது ஆகுமா? அவன் வீட்டு லயத்திலிருந்து சர்வகலாசாலைக் கட்டடத்தின் உச்சி தெரிந்திருந்தாலும் அதன் வாசல் அவனுக்குத் தெரிந்திராது. கார்-சாண்டர்ஸ் உச்சிப்படியைச் செம்மையாக அமைத்தார். அடிப்படிகள் அவர் கமிஷனுக்கு இடப்பட்ட வேலையல்ல. ஆனால் அடிப்படி இல்லாத ஏணி எத்தனை உயரமாயினும் யாருக்குப் பயன் என்ற கேள்வியை, உலகெங்கும் எழுந்த ஆஸ்க்வித் கல்லூரிகளைப் பற்றிப் பின்வந்தோர் பலமுறை கேட்டிருக்கின்றனர். சிலருக்கே கல்வி, அதற்குப் பெருஞ்செலவு என்பதே அக்கல்லூரிகள்மேல் எழுந்த பெரிய குற்றச்சாட்டு.

ஒன்று மட்டும் நாம் பெருமையோடு எழுதலாம். மாணவனாக உள்ளே நுழைய முடியாத தோட்டத் தமிழன், தன் மொழியை உள்ளே நுழைத்தான். மலாய், சீன ஆராய்ச்சித் துறைகள் 1953இல் தொடங்கின. இந்திய ஆராய்ச்சித் துறை பின்தங்கியது. அதில் முதலிடம் சமஸ்கிருதத்திற்கா தமிழுக்கா என்ற வழக்கும் எழுந்தது. இந்நாட்டு இந்தியரில் பெரும்பாலோர் தமிழராயிருக்க, தமிழைப் பின்னுக்குத் தள்ளுவது என்ன நியாயம் என்று கோ. சாரங்கபாணியார் தம் பத்திரிகையில் கிளர்ச்சி செய்தார். “தமிழ் எங்கள் உயிர்” என்ற பெயரால் நிதி திரட்டி, சர்வகலாசாலைத் தமிழ்ப்பகுதிக்கு நூல்கள் வாங்க முற்பட்டார். தோட்டத்தாரும் துறைமுகத் தொழிலாளரும் சிறு கடைக்காரரும் தம் கூலியிலும் வருவாயிலும் கிள்ளிக் கொடுத்தனர். 1956இல் தமிழை முதன்மையாகக் கொண்டு அத்துறை தொடங்கிற்று. அதே ஆண்டில்தான் சீனர் தம் சொந்தப் பணத்தில் எழுப்பிய நன்யாங் சர்வகலாசாலையில் வகுப்புகள் ஆரம்பமாயின. அவர்கள் தமக்கென ஒரு மாளிகையே கட்டினர். நாம் பொது மாளிகையில் ஓர் அறையைக் கேட்டுப் பெற்றோம். எது மேல் என்று விவாதித்தல் கூடும். நன்யாங் 1980இல் சிங்கப்பூர் சர்வகலாசாலையோடு இணைக்கப்பட்டு மறைந்தது. கோலாலம்பூருக்குப் பெயர்ந்த நம் அறையோ நிலைத்தது.

அவ்வறைக்கு 1961இல் தலைவராக வந்தவர் தனிநாயகம் அடிகள். 1913இல் இலங்கையில் பிறந்து, ரோமாபுரியிலும் அண்ணாமலையிலும் பயின்று, பண்டைத் தமிழ் இலக்கியத்தில் காணும் கல்விக் கருத்துகளைப் பற்றியே லண்டனில் ஆராய்ந்து 1957இல் பட்டம் பெற்றவர். பாணரும் புலவரும் கற்பித்த முறையைப் பிற பழங்குலத்தாரின் முறைகளோடு வைத்து நோக்கியவர். கார்-சாண்டர்ஸ் நாடுகளின் கலாசாலைகளை ஒப்பிட்டார். அடிகள் நாகரிகங்களின் கல்வியை ஒப்பிட்டார். 1966ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு சென்னையிலோ மதுரையிலோ கூடாமல் கோலாலம்பூரில் கூடிற்று என்றால், அதற்கு அவ்வறையும் அதில் இருந்த இவரும் பெருங்காரணம். கார்-சாண்டர்ஸ் காலமானதும் அதே 1966இல்தான்.

ஜொகூருக்கு உயர்தரக் கல்வி பிறகு வேறு வழியாக வந்து சேர்ந்தது. மலேசியத் தொழில்நுட்பச் சர்வகலாசாலையின் ஸ்கூடாய் வளாகம் 1985இல் திறக்கப்பட்டது. பத்து பகாட்டை அடுத்த பாரிட் ராஜாவில் 1993இல் ஆசிரியர் பயிற்சி நிலையமாகத் தொடங்கியது, 2007இல் துன் ஹுசேன் ஓன் சர்வகலாசாலையாயிற்று. இஸ்கந்தர் புத்திரியில் ஆங்கில நாட்டு நியூகாஸில் சர்வகலாசாலை வைத்தியமும், 2012இல் வந்த சவுதாம்ப்டன் சர்வகலாசாலை பொறியியலும் கற்பிக்கப் புகுந்தன. இந்தச் சவுதாம்ப்டன், தன் பெயரால் பட்டம் வழங்கும் உரிமையின்றி, வெறும் சர்வகலாசாலைக் கல்லூரியாக லண்டன் பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார் செய்து கொண்டிருந்தது 1952ஆம் ஆண்டு வரையில். மலாயாவோ அவ்வுரிமையை அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்னரே பெற்றுவிட்டது.