சுக்கானுக்குத் துணைநின்ற எண்ணெய்



சீனன்குடா என்றதும் எண்ணெய்க் குதங்களே எவர் நினைவிலும் முதலில் எழும். இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்திலே பிரித்தானியக் கடற்படைக்காக எழுப்பப்பட்ட அவ்விரும்புத் தாங்கிகள் ஏறத்தாழ நூறு. அவை எரிப்பதற்கான எண்ணெயைத் தாங்கி நின்றன. எண்ணெய்க்கு வேறொரு தொழிலும் உண்டு. குழாயினுள் அடைபட்டு நின்று, ஓரிடத்து விசையை மற்றோரிடத்துக்குச் சுமந்து செல்வதே அத்தொழில். மோட்டார்க் காரின் ஸ்ரியறிங்கை இலகுவாக்கும் எண்ணெய் இவ்வகையினது. அதன் வரலாற்றையும், அதைச் சுமக்கும் றப்பர்க் குழாய் பழுதுற்றால் வீட்டிலே செய்யத்தக்கதையும் இன்று நோக்குவோம்.

அடைபட்ட திரவத்தின் மீது செலுத்தும் அமுக்கம் எப்பக்கமும் குறைவின்றிப் பரவும் என்பது 17ஆம் நூற்றாண்டிலே பிரான்சிய அறிஞர் பாஸ்கல் கண்ட உண்மை. அதனைக் கொண்டு 1795இல் இங்கிலாந்தின் ஜோசப் பிராமா அமுக்கப் பொறியொன்றுக்குக் காப்புரிமை பெற்றார். சிறு கைவிசை பெரும் பாரத்தை அசைக்க வழி பிறந்தது.

திசை திருப்புவதற்கு இயந்திரத் துணையை முதலில் நாடியவர்கள் கப்பலோட்டிகளே. 692 அடி நீளமான ‘கிரேட் ஈஸ்டேர்ண்’ கப்பலின் சுக்கானை மனிதக் கைகளால் திருப்புதல் அரிதாயிற்று. 1866இல் ஜோன் மக்ஃபார்லேன் கிரே காப்புரிமை பெற்ற நீராவிச் சுக்கான் பொறி அதற்குத் துணையாயிற்று. பின்னர், மாலுமியின் கையசைவை மெல்லிய குழாய்களில் நிரப்பிய திரவமே கப்பலின் பின்புறத்துக்குக் கொண்டுசென்றது.

கடலிலே பயன்பட்ட இம்முறை வானிலும் பயன்பட்டது. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது, சீனன்குடா விமானத் தளத்திலிருந்து 261ஆம் அணியின் ஹரிக்கேன் விமானங்கள் எதிர்த்தெழுந்தன. அவ்விமானங்களின் சில்லுகளை உள்ளிழுத்ததும் வெளிவிட்டதும் குழாய் வழிச் சென்ற எண்ணெயே. இயந்திரப் பம்பு கைவிட்டால் விமானி இயக்குதற்குக் கைப்பம்பும் வைத்திருந்தனர்.

மோட்டார் வண்டிக்கு இவ்வசதியை அமைத்துக் காட்டியவர் அமெரிக்கப் பொறியியலாளர் பிரான்சிஸ் டேவிஸ். 1926இல் தமது காரிலே அதனைப் பொருத்தி ஓட்டினார். ஸ்ரியறிங் வளையம் நேராக நிற்கையில் எண்ணெய் தடையின்றிச் சுற்றிவரும். திருப்பிய கணமே வால்வு வழியைச் சுருக்க அமுக்கம் ஏறும். இதுவே அவர் கண்ட நுட்பம். எனினும் பொருளாதார மந்தம் குறுக்கிட்டது. போர்க்கால வண்டிகளிலே பயின்ற பின்னரே, 1951இல் கிறைஸ்லர் நிறுவனத்தின் இம்பீரியல் காரோடு அது பொதுமக்களிடம் வந்தது. 1988இல் சுசுக்கி செர்வோ காரிலே மின்விசை ஸ்ரியறிங் தோன்றியது. இன்றைய புதுக் கார்கள் பலவற்றில் இந்த எண்ணெய்க் குழாயே இல்லை.

ஆயினும் நம் நாட்டிலே 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் வழி திறந்தது. ஆதலின் பழைய கார்களைப் பேணி ஓட்டுவோர் பலர். எஞ்சின் வெப்பத்தால் றப்பர் வெடிக்கும். கடற்காற்றால் குழாயின் இரும்பு முனைகள் துருவேறும். வளையத்தை முற்றாகத் திருப்புகையில் சதுர அங்குலத்துக்கு 1000 இறாத்தலுக்கு மேலும் அமுக்கம் ஏறக்கூடும். குழாய் வெடித்தால் வண்டியைத் திருப்பும் வழி அற்றுப்போவதில்லை. ஆயினும் வளையம் திடீரெனப் பாரமாகும். சூடான புகைக்குழாயிலே சிந்தும் எண்ணெய் தீப்பற்றவும் கூடும்.

அமுக்கக் குழாயை வெட்டிக் கிளிப் பூட்டி ஒட்டுவது ஆபத்து. முழுக் குழாயையும் மாற்றுதலே முறை. எஞ்சின் ஆறியபின், சமதரையிலே ஜாக்கியால் முன்பக்கத்தை உயர்த்தி, உறுதியான தாங்கிகளின் மேல் நிறுத்துக. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் கீழ்ப் புகலாகாது. பழைய குழாய் சென்ற வழியைக் குறித்துக்கொண்டு, கீழே பாத்திரம் வைத்துக் கழற்றுக. புதிய குழாய்க்குப் புதிய அடைப்பு வளையங்களே வேண்டும். மரைகளை முதலிலே கையால் பூட்டிப் பின்னரே ஸ்பானரால் இறுக்குக. குழாய் முறுகவோ புகைக்குழாயைத் தொடவோ கூடாது.

தயாரிப்பாளர் கூறிய எண்ணெயையே ஊற்றுக. எஞ்சினை இயக்காமல், சில்லுகள் உயர்ந்திருக்கையிலேயே வளையத்தை இருபுறமும் மெல்லப் பலமுறை திருப்பினால் உள்ளிருக்கும் காற்று வெளியேறும். குறைந்த எண்ணெயை நிரப்பி, அதன்பின் எஞ்சினை இயக்குக. கசிவை விரலால் தடவிப் பார்க்க வேண்டாம்; அமுக்கத்தில் பீறிடும் எண்ணெய் தோலையும் துளைக்கும். அட்டைத் துண்டொன்றைப் பிடித்துப் பார்த்தலே தகும். ஐயமிருப்பின் கராச்சை நாடுவதில் இழிவில்லை.

கழித்த எண்ணெயைக் கலனில் அடைத்து, பழைய எண்ணெய் ஏற்கும் கராச்சிலே கொடுத்துவிடுக. கானிலே ஊற்றினால் அது ஈற்றில் நம் குடாவையே சேரும். அங்கே வலை வீசுவோரும் நம்மவரே.